அண்ணனுக்கு வாங்கிய செங்கல்

ஆம்பூர்
09.06.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹரிணி எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி கம்மி, அப்பாவுக்கு வாய் ஜாஸ்தி, ரெண்டும் நல்ல சேதிதான். நீ ஒழுங்கா சாப்பிடறியா? போன வார ஃபோட்டோல கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சு.

இன்னாடா இவ வாட்ஸப்பை விட்டுட்டு மெயில் போடறான்னு பாக்காத. ஞாயித்துக்கிழமை நீ ஹலோ சொல்றதுக்குள்ள அப்பா ஸ்பீக்கர் போட்டுடறார். பக்கத்து வீட்டு ஃபிர்தௌஸ் அவங்க மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே நீ எத்தியோப்பியாவுல இன்னா தின்னேன்னு கேட்டுடறா. மெயில்னா நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும்.

மேட்டருக்கு வர்றேன். அண்ணா, நான் அக்வாபோனிக்ஸ் பண்ணப் போறேன்!!! மண்ணே வேணாம். கீழ ஒரு தொட்டியில மீன். மேல ஒரு பெட்டியில ஜல்லி, ஜல்லியில செடி. மீன் கழிவு கலந்த தண்ணியை குட்டி மோட்டார் மேல தூக்கும். ஜல்லியில இருக்கற பாக்டீரியா அதை உரமா மாத்தும். செடி குடிச்சிட்டு சுத்தமான தண்ணியை மீனுக்கே திருப்பி அனுப்பும். மீன் செடியை வளர்க்குது, செடி மீனைக் காப்பாத்துது. இதைக் கண்டுபிடிச்சவங்க காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருக்கு. ‘மீன்செடி மாமா’ன்னு ஒரு சேனல், கோயம்புத்தூர்க்காரர், எல்லா வீடியோவும் ரெண்டு தடவை பாத்துட்டேன். என் கமெண்ட்டை அவர் பின் பண்ணி வெச்சிருக்கார். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறேன், சிரிக்காத.

ஒரே பிரச்சனை, இடம். நம்ம பின்பக்கம்தான். அங்கதான் அப்பா உனக்கு ரூம் கட்டப் போறார். கல்யாணம் ஆயிட்டா தனி ரூம் வேணுமாம், ரூமுக்குள்ளயே பாத்ரூமாம். மழைக்கு முன்னாடி வாங்கினா கம்மின்னு செங்கல்லும் ஜல்லியும் இறக்கிட்டார். “மாடியில கட்டலாமேப்பா”ன்னேன். “மாடின்னா ரெண்டு மடங்கு ஆவும். உன் மீனு தரையில நீந்தறதுக்கு என் புள்ளை ஆகாசத்துல தூங்கணுமா?”ன்னார்.

ஆனா நான் விடல. கடைசியா ஒரு பந்தயத்துக்கு ஒத்துக்கிட்டார். நம்ம வீட்டு ஞாயித்துக்கிழமை பிரியாணிக்குத் தொட்டுக்கற கத்தரிக்கா, மொத்தமும் என் தொட்டியிலிருந்து வரணும், தை பொறக்கறதுக்குள்ள. வந்தா ரூம் மாடிக்குப் போயிடும், பின்பக்கம் எனக்கு. வரலன்னா தை முதல் வாரமே அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டிடுவார்.

இஷ்தியாக் பாய் காயலான் கடையில பெரிய நீல டிரம் ஒண்ணு வாங்கிட்டேன். அடுத்த வாரம் மீன் வருது. நீ தைக்கு வர்றப்ப உன் கையால கத்தரிக்கா பறிக்கற. டீலா?

உன் வாலு,
ஹரிணி

*

மோஜோ
16.06.2024

அன்புத் தங்கை ஹரிணிக்கு,

அண்ணன் கார்முகிலன் எழுதுவது. நான் நலம். அப்பா, அம்மா, உன் நலம் அறிய எப்போதும் ஆவல். இங்கே எத்தியோப்பியாவில் மழை தொடங்கிவிட்டது. காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் தோல் ஃபேக்டரிக்குப் போக முடியவில்லை.

நீ பேசுகிற மாதிரியே எழுதுகிறாய். படிக்கும்போது நீ எதிரில் குதித்துக்கொண்டிருப்பது போல் இருக்கிறது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதிய கடிதம் மாதிரிதான் வருகிறது. பொறுத்துக்கொள்.

உன் முயற்சி நல்ல முயற்சி. ரூம் விஷயத்தில் அப்பா அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கல்யாணத்துக்கும் இப்போது ஒன்றும் அவசரம் இல்லை. இதை நான் போனில் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். நீ சொன்னால் திட்டுவதோடு விட்டுவிடுவார்.

அம்மா முட்டிக்குத் தைலம் தடவுகிறார்களா?

அன்புடன்,
கார்முகிலன்

*

ஆம்பூர்
24.06.2024

அண்ணா,

எல்லாரும் நல்லா இருக்கோம், மீனைத் தவிர.

எல்லாம் செத்துப் போச்சு. ஒண்ணு விடாம. கணியம்பாடிக்கு பஸ் ஏறிப் போய், ஜிலேபி மீன் குஞ்சு வாங்கி, ஆக்சிஜன் அடிச்ச பையை மடியிலயே வெச்சுக் கொண்டாந்தேன். கண்டக்டர் கூட “குழந்தையாம்மா?”ன்னார். சாயங்காலம் டிரம்முல விட்டேன். துள்ளுச்சுங்க. ஒவ்வொண்ணுக்கும் பேர் வெக்கலாம்னு ஃபிர்தௌஸ் லிஸ்ட் போட்டுக்கிட்டிருந்தா. காலையில போய்ப் பாத்தா வெள்ளை வயிறு, மேல் பூரா வெள்ளை வயிறு.

தண்ணி டெஸ்ட் பண்ணேன். உப்பு ஜாஸ்திதான், ஆனா ஜிலேபி மீன் தாங்கற அளவுதான். முனிசிபாலிட்டி தண்ணி இல்ல, குளோரின் இல்ல. மீன்செடி மாமா லைவ்ல கேட்டேன், அம்மோனியாம்மா அம்மோனியான்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போய்ட்டார். ஒரே ராத்திரியில எங்கிருந்துண்ணா வரும் அம்மோனியா? அதுங்க இன்னும் ஒண்ணும் திங்கவே இல்லியே!

அப்பா ரூமுக்கு அளவு எடுக்க ஆரம்பிச்சிட்டார். அதான் பேஜாரா இருக்கு. மேஸ்திரியை வரச் சொல்லிட்டார். அவர் டேப்பை நீட்டிக்கிட்டு என் டிரம்மைக் காலால தள்ளினார். “இந்த மூலையில பாத்ரூம் வந்துடும் சார்”ங்கறார். ஃபிர்தௌஸ் மாடியிலிருந்து, “இன்னாடி, மீனுக்குக் காரியம் எப்போ, நெய்ச்சோறு உண்டா?”ன்றா. அவ என் தோஸ்த்தா எதிரியான்னே தெரியல.

நீ சொன்னதை அப்பா கிட்ட சொன்னேன், அவசரம் இல்லன்னு. “அவனுக்கு இன்னா தெரியும், வயசு போவுது”ன்னார். திட்டவும் செஞ்சார்.

எனக்கு மனசே சரியில்லண்ணா. உடனே எழுது.

ஹரிணி

*

மோஜோ
25.06.2024

ஹரிணி,

நலம். நீங்கள் நலமா என்று கேட்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அந்த டிரம்மில் முதலில் என்ன இருந்தது?

இஷ்தியாக் பாயிடம் கேட்காதே, அவருக்குத் தெரியாது. கழுவித்தான் விற்பார். டிரம்மை வெயிலில் வைத்து மூடியைத் திற. முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே. உள்ளே சுவரில் மஞ்சள் பழுப்பாகக் கறை இருக்கிறதா? கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கரிக்கிற வாடை வருகிறதா? அப்படியானால் அது தோல் ஈரமாக இருக்கும்போது பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுகிற மருந்து. நான் தினமும் புழங்குகிற மருந்து. ஒரு மூடி அளவு ஏரியில் விழுந்தாலும் மீன் மிதக்கும். பிளாஸ்டிக் அதைக் குடித்துவிடும். பத்து தடவை கழுவினாலும் தண்ணீர் ஊற்றியதும் திரும்பக் கக்கும்.

நம் ஊரில் தோல் ஃபேக்டரி கழித்த நீல டிரம் இல்லாத வீடே கிடையாது. அதனால் உனக்குத் தோன்றியிருக்காது. நம் பாத்ரூமில் இருக்கும் டிரம் நான் பார்த்து எடுத்துவந்தது. அதில் வெறும் சோப்பு எண்ணெய்தான் வந்தது. நீ டிரம் என்று எழுதியபோதே நான் கேட்டிருக்க வேண்டும். படித்தேன், மனசு வேறு எங்கோ இருந்தது.

அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதே. டிரம்மில் துணிகூட ஊறவைக்காதே. உன் மேல் தப்பு இல்லை. மறுபடி ஆரம்பி. செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்தாலே தொட்டிதான்.

இன்னொன்று. பேரணாம்பட்டு தௌசீப் அகமது ஆகஸ்டில் எங்கள் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர வருகிறான். அவனிடம் கொஞ்சம் விதை கொடுத்தனுப்பு. கொத்தமல்லி, பச்சை மிளகாய், முருங்கை.

கார்முகிலன்

*

ஆம்பூர்
28.07.2024

என் உயிர்காத்த அண்ணாவுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம், இப்ப மீனையும் சேத்துத்தான்!

நீ சொன்னது அப்படியே இருந்துச்சு. மஞ்சக் கறை, மூடி திறந்ததும் கண்ணுல தண்ணி. டிரம்மை இஷ்தியாக் பாய் கடையில திருப்பி வெச்சுட்டு ஒரு லெக்சர் குடுத்தேன். “அய்யோ பேட்டி, என் மகளே, நான் இந்த மாதிரி டிரம்மை வீட்டுக்குத் தண்ணி புடிக்கக் குடுத்திருக்கேனே”ன்னு ஆடிப் போய்ட்டார். யார் யாருக்குன்னு யோசிச்சு யோசிச்சு வீடு வீடா நடந்துட்டிருக்கார் பாவம்.

இப்ப புதுத் தொட்டி. உக்காந்துக்கோ. அப்பாவோட செங்கல்லுல கட்டிட்டேன்.

சிமெண்ட் கிடையாது, ரெட்டை வரிசை அடுக்குதான். உள்ள தார்ப்பாய். தண்ணி ரொம்பினதும் சுவர் வயித்தைத் தள்ளுச்சு. அம்மா அவங்க கம்பெனியிலிருந்து ஷூ பெட்டி கட்டற பிளாஸ்டிக் பட்டை கொண்டாந்து இறுக்கிக் கட்டிட்டாங்க. மேல செடிப்பெட்டிக்கு மீன் மார்க்கெட் தெர்மோகோல் பெட்டி, அதுல அப்பாவோட ஜல்லி. யோசிச்சுப் பாரு, உன் ரூம்லதாண்ணா என் மீன் நீந்துது.

அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பாத்தார்.  ஒரு சுத்து சுத்தி வந்து, ஈரமா இருந்த கல்லைத் தட்டிப் பாத்துட்டு, “செங்கல்லு கட்றதுக்கு முன்னாடி ஊறத்தானே போடணும். ஊறட்டும். ஆடி முடியற வரைக்கும் எப்படியும் ஒண்ணும் தொட முடியாது”ன்னார். அம்மா உள்ள போய் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க.

இந்தத் தடவை அவசரப்படல. முதல்ல நாலே நாலு மீன், பாக்டீரியா பழகற வரைக்கும். கத்தரி நாத்து தனியா டீ கப்புல வளருது. தினமும் காலையில எழுந்ததும் ஓடிப் போய் எண்ணிப் பாக்கறேன், நாலும் இருக்கான்னு. சோறு இறங்கல, இன்ட்டர்வியூவுக்குக் கூப்பிட்ட கம்பெனிக்குக் கூட போகல, அம்மா கிட்ட சொல்லாத.

தௌசீப் கிட்ட விதை குடுத்தாச்சு. கொத்தமல்லி, மிளகா, முருங்கை. ஆமா, தைக்கு வர்றவனுக்கு முருங்கை எதுக்கு? அது காய்க்கவே வருஷம் ஆவுமே. ஊறுகாயா போடப் போற?

அம்மா ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க. குடியாத்தத்துல ஒரு பொண்ணு, ஸ்வேதா. தறி வெச்சிருக்கற குடும்பம், லுங்கி போடறாங்க. பொண்ணு பேங்க்ல வேலை. உன் ஃபோட்டோ குடுத்திருக்காங்க. சிரிக்கற ஃபோட்டோதான்.

பொங்கி வழியற சந்தோஷத்தோட,
ஹரிணி

*

மோஜோ
08.09.2024

அன்புள்ள ஹரிணிக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதம். இங்கே நெட் பல நாள் வரவில்லை.

விதைகள் வந்தன. கொத்தமல்லி முளைத்துவிட்டது. இங்கே கரிசல் மண், காலை வெயில் நன்றாக விழுகிறது. கிள்ளிச் சாற்றில் போட்டால் வீட்டு வாசனை. மிளகாய் இரண்டு இலை விட்டிருக்கிறது. முருங்கை மட்டும் முளைக்கவில்லை. குளிர் காரணமாக இருக்கலாம்.

செங்கல் தொட்டியைப் படத்தில் பார்த்தேன். பட்டை கட்டியது அம்மா என்றால் அவிழாது.

குடியாத்தம் விஷயத்தில் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
கார்முகிலன்

*

ஆம்பூர்
15.09.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்க சௌக்கியம். மீனுங்க சௌக்கியம், இப்ப பெரிய கூட்டமே இருக்கு. கத்தரி நாத்து நட்டு ரெண்டு வாரம் ஆச்சு. புது இலை எல்லாம் மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்து கம்மின்னு மீன்செடி மாமா க்ரூப்ல சொல்றாங்க. பழைய ஆணியைப் போட்டா சரியாவுமா? ஃபிர்தௌஸ் அவங்க வீட்டுத் துருப்பிடிச்ச கேட்டையே தூக்கிப் போடுன்றா.

அம்மா கிட்ட நீ சொன்னதைச் சொன்னேன். “எல்லா ஆம்பளைங்களும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க”ன்னுட்டாங்க. பூ, பழம் எடுத்துக்கிட்டு ஒரு தடவை போய்ட்டும் வந்துட்டாங்க. ஸ்வேதா அம்மாவோட முட்டியைப் பாத்துட்டு நாற்காலி கொண்டாந்து போட்டுச்சாம். அதுலேயே அம்மா விழுந்துட்டாங்க.

ஒண்ணு கேக்கறேன். நீ கம்பெனி குவார்ட்டர்ஸ்ல மூணாவது மாடியிலதானே இருக்க? வீடியோ கால்ல பால்கனி காட்டின, கொடியில துணி காயுது, கீழ லாரி நிக்குது. அங்க ஏதுண்ணா கரிசல் மண்ணு? ஏது காலை வெயில்? போன மூணு மாசமா நீ வீடியோவே போடறதில்ல, ஆடியோதான். சிக்னல்னு அப்பா நம்பறார்.

நீ எங்க இருக்க?

ஹரிணி

*

மோஜோ
06.10.2024

அன்புத் தங்கை ஹரிணிக்கு,

நலம். அனைவரின் நலத்துக்கும் வேண்டுகிறேன்.

ஆணி போடாதே. செடி அதைக் குடிக்காது. உரக்கடையில் செடிக்குத் தெளிக்கிற இரும்புச் சத்துப் பொடி கிடைக்கும். மீன் தொட்டிக்கு ஆகும் வகையா என்று கேட்டு வாங்கு. தண்ணீரின் புளிப்பையும், அதாவது பிஹெச் அளவையும் பார். காரம் அதிகமானால் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. தோலுக்கும் அப்படித்தான், புளிப்பு சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் உள்ளே இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய். ஒரே நாளில் மாற்றினால் மீன் தாங்காது.

மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

கார்முகிலன்

*

ஆம்பூர்
03.11.2024

அண்ணா,

எல்லாரும் இருக்கோம்.

இலை பச்சையாய்டுச்சு, தேங்க்ஸ். தீபாவளிக்கு முதல் பூ. ஊதா கலர், நடுவுல மஞ்சள். காய் பிடிக்கணும்னு பெயிண்ட் பிரஷ்ஷால தினமும் தட்டிவிடறேன். பாதி உதிருது. 

நேர்ல பேசலாம்ன. எந்த நேர்ல? மண்ணு எங்கன்னு கேட்டா இரும்பைப் பத்தி எழுதற. நானும் இப்ப செடி வளர்க்கறவ. கொத்தமல்லி போடறவன் அடுத்த மாசம் வரைக்கும் யோசிக்கறான். மிளகா போடறவன் அடுத்த சீசனுக்கு. முருங்கை போடறவன் ஊருக்குத் திரும்பறவன் இல்லண்ணா.

நீ தைக்கு வரல. எப்பவுமே வரல. சரியா?

குடியாத்தத்துல மாசிக்குத் தேதி கேக்கறாங்க. அந்தப் பொண்ணு என் இன்ஸ்டாவை ஃபாலோ பண்ணி மீன் ரீல்ஸுக்கெல்லாம் லைக் போடுது. ஒவ்வொரு லைக்குக்கும் எனக்குக் கூசுது. மேஸ்திரி வாராவாரம் வந்து டீ குடிச்சிட்டுப் போறார். “அவனுக்கு ஜன்னல் கிழக்கால வெக்கணும், வெளிச்சம் இருந்தாதான் அவனுக்குத் தூக்கம் கலையும்”னு அப்பா சொல்லிட்டிருக்கார்.

சொல்லு.

ஹரிணி

*

மோஜோ
12.11.2024

பாப்பா,

நல்லா இருக்கேன். நீ கேட்டது சரிதான்.

அவ பேர் ஹானா. எங்க ஃபேக்டரியில ஃபினிஷிங்ல கலர் பாக்கற பொண்ணு. நான் சேந்த புதுசுல ஒரு ஃபுல் லாட் பிரவுன் தோலை, “இது பிரவுன் இல்ல, திருப்பி எடுத்துட்டுப் போ”ன்னு சொன்னவ. அன்னிக்கு சண்டை. அப்புறம் தினமும் ஏதாவது கலர் காட்டணும்னு போய்ட்டிருந்தேன். ஏப்ரல்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டோம். குவார்ட்டர்ஸ் விட்டு வந்து அவங்க அம்மாவோட ஒரு வீட்டுல இருக்கோம். பின்னாடி கொஞ்சம் மண்ணு இருக்கு. அதுக்குத்தான் விதை.

மே மாசமே சொல்லணும்னு போன் எடுத்தேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா செங்கல் இறங்கிடுச்சுன்னு சொன்னார். அவர் குரல்ல அவ்ளோ சந்தோஷம். அடுத்த வாரம் சொல்லலாம்னு நினைச்சேன். அடுத்த வாரம் ஜன்னல். அதுக்கடுத்த வாரம் டைல்ஸ். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த ரூம் வளந்துக்கிட்டே போச்சு. நான் அதுக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு.

நீயே அப்பா கிட்ட பக்குவமா சொல்லிடு பாப்பா. நீ சொன்னா கேப்பார். எப்படியும் ரூம் வேணாம்னு ஆயிட்டா பின்பக்கம் உனக்குத்தானே.

அண்ணன்

*

ஆம்பூர்
02.12.2024

அண்ணா,

உனக்கும் அண்ணிக்கும் அவங்க அம்மாவுக்கும் என் வணக்கம். அண்ணின்னு எழுதறப்ப கை கொஞ்சம் நின்னுச்சு. ஆனா எழுதிட்டேன்.

உன் மெயிலைப் படிச்சு எனக்குக் கோவம் வந்தது அண்ணியால இல்ல, கடைசி வரியால. பின்பக்கம் எனக்குக் கிடைச்சிடுமா? நீ வராததால கிடைக்கற இடம் எனக்கு எதுக்கு? செத்த மீனை அள்ளி, கல்லு அடுக்கி, பூவைத் தட்டி வாங்கறேன்னு பந்தயம் கட்டினேன். அதை நீ எனக்குச் சும்மா குடுத்துட்டா ஆயுசுக்கும் அங்க நிக்கறப்பலாம் உன் ரூம்ல நிக்கற மாதிரிதான் இருக்கும்.

நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். நீ சொல்லுவன்னு ரெண்டு ஞாயித்துக்கிழமை காத்திருந்தேன். ரெண்டு வாரமும் “லைன் சரியில்லப்பா”ன்னு வெச்சிட்ட. லைன் நல்லாத்தான் இருந்துச்சு. உன் பின்னாடி கோழி கத்தறது கூட கேட்டுச்சு.

நேத்து புயல் மழை. காலையிலேயே கரண்ட் போச்சு. மோட்டார் நின்னா மீனுக்குக் காத்து கிடையாது, மேல வந்து வாயைப் பொளக்க ஆரம்பிச்சிடுச்சு. நான் செம்பால மொண்டு மொண்டு மேலேர்ந்து ஊத்தறேன், அப்பதான் தண்ணியில காத்து கலக்கும். கை ஓஞ்சு போய் அழுதுட்டேன். திரும்பிப் பாத்தா அப்பா, தலையில பிளாஸ்டிக் கவர், கையில பெரிய சட்டி. “தள்ளு, நீ ஊத்தற லட்சணம். உயரத்திலிருந்து ஊத்தணும், டீ ஆத்தற மாதிரி”ன்னார். ரெண்டு பேரும் மதியம் வரைக்கும் ஆத்தினோம். அம்மா நின்னுக்கிட்டே சோறு ஊட்டிவிட்டாங்க. ஒரு மீன் கூட சாகல. அப்பா முழுக்க நனைஞ்சு போய் தொட்டி ஓரத்துல உக்காந்து, “உங்கண்ணன் இருந்திருந்தா மூணு பேரா ஆத்தியிருக்கலாம்”ன்னார்.

எனக்கு அப்பவே சொல்லிடலாம் போல இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

காய் பிடிச்சிருக்கு. பதினஞ்சாம் தேதி ஞாயித்துக்கிழமை பிரியாணி. அப்பா சாப்பிட்டு முடிக்கட்டும். பந்தயம் கத்தரிக்காயால முடியட்டும். அதுக்கப்புறம் நான் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெப்பேன். அம்மா பக்கத்துல இருப்பாங்க. நீ எடுக்கணும். எடுக்கலன்னா இனிமே இந்த மெயிலுக்கு நீயும் எழுதாத, நானும் எழுத மாட்டேன்.

ஹரிணி

*

ஆம்பூர்
29.12.2024

அண்ணாவுக்கு,

நீ போன் எடுத்த. அதுக்கு முதல்ல நன்றி. வெச்சதுக்கப்புறம் இங்க என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதுல்ல. எழுதறேன்.

கத்தரிக்கா அன்னிக்கு நல்லா வந்துச்சு. குட்டிக் குட்டியா இருந்தாலும் எண்ணெய்ல வதக்கி புளி ஊத்தினதும் பளபளன்னு ஆயிடுச்சு. ஃபிர்தௌஸ் அவங்க வீட்டு அண்டாவுல பிரியாணி போட்டுக் கொண்டாந்தா. அப்பா முதல் கத்தரிக்காயை வாயில போட்டு, “மீன் வாடை அடிக்கும்னு நினைச்சேன்”ன்னார். அடிக்கலியான்னேன். “கொஞ்சம் போடு”ன்னு தட்டை நீட்டினார். கை கழுவிட்டு வந்து மேஸ்திரிக்குப் போன் போட்டு, ரூம் மாடிக்குன்னு சொல்லிட்டார். பேச்சு மாறாத மனுஷன். நான் ஜெயிச்சேன்.

அப்புறம்தான் உன் போன்.

ஹானா அண்ணி, ரிஜிஸ்டர், எல்லாத்தையும் சொல்லி முடிச்ச. உடனே பயந்து போய், “முருங்கை போட்டேம்பா, முளைக்கல”ன்ன. அப்பா போனை எடுத்து அணைச்சிட்டார். அது கோவமா கட் பண்ணதுன்னு நினைச்சிருப்ப. எனக்கும் தெரியல.

அம்மா ரெண்டு நாள் என் கிட்ட பேசல. எனக்கு முன்னாடியே தெரியும்னு கண்டுபிடிச்சிட்டாங்க. மூணாம் நாள் “கிளம்பு”ன்னு குடியாத்தத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பூ, பழம் வெச்ச தட்டைத் திருப்பிக் குடுத்தாங்க. ஸ்வேதா அப்பா தறியை நிறுத்தாமலே கேட்டார், அதான் கஷ்டமா இருந்துச்சு. வாசல்ல ஸ்வேதா என்னை நிறுத்தி, “உங்கண்ணன் ஃபோட்டோல நாலு மாசமா என்னைப் பாத்து சிரிச்சுட்டிருந்தார். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா போதும், நான் வேற வேலையைப் பாத்திருப்பேன்”ன்னுச்சு.  அதை அப்படியே உன் கிட்ட சொல்லணும்னு எடுத்துட்டு வந்தேன். ஸ்வேதாவுக்கு நீ ஒரு கடிதம் எழுது. எனக்கு எழுதற மாதிரி இல்லாம, பேசற மாதிரி எழுது.

அப்பா மாடி ரூமும் வேணாம்னு மேஸ்திரி கிட்ட சொல்லிட்டார். அன்னிக்கு சாயங்காலம் பின்பக்கம் போனார். நான் சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டிருந்தேன். கல்லை ஒண்ணு ஒண்ணாத் தொட்டார். பிரிச்சுடுவாரோன்னு எனக்கு உயிரே போச்சு, பாதி மீன் சினையா இருக்கு. ஒரு மூலையில பட்டை தளந்திருந்துச்சு போல. அதை இழுத்து முடிச்சுப் போட்டார். வந்து உக்காந்து நியூஸ் பாத்தார். உன் பேரை எடுக்கல. அன்னிக்கு எடுக்கல, இன்னி வரைக்கும் எடுக்கல.

இப்ப நான் இதை டைப் பண்ணிட்டிருக்கறப்ப பின்னாடி வந்து நின்னார். நான் மூடல. ஸ்க்ரீனைப் பாக்காத மாதிரி சுவரைப் பாத்துட்டு இருந்தார். அப்புறம் சொன்னார்:

“முருங்கை விதையை அப்படியே மண்ணுல போட்டிருப்பான், அவசரக்காரன். மேல் தோலை உரிச்சுட்டு, வெதுவெதுப்பான தண்ணியில ஒரு ராத்திரி ஊற வெக்கணும். அந்த ஊரு குளிருக்கு ஊறினாதான் முளைக்கும். எழுது.”

எழுதறேன்பான்னேன்.

வாசல் வரைக்கும் போய்ட்டு திரும்பி வந்தார்.

“நான் சொன்னேன்னு எழுதாத.”

ஹரிணி